கோன் செட்டை டைட் வைத்தால் போதுமா? 1993 ஆர்எக்ஸ் 100

கேள்வி, 2023 மே 13

அப்பாவின் 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இரண்டு வருடமாக என் கையில் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது நேராகப் போக மாட்டேன் என்கிறது, இடமும் வலமுமாக அலைகிறது. ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு வந்தால் நடுவில் ஓர் இடத்தில் ‘டக்’ என்று போய் உட்கார்ந்துகொள்கிறது. முன் பிரேக் பிடித்தால் கழுத்துப் பக்கம் ‘கடக்’ என்று சத்தம். மெக்கானிக் பார்த்துவிட்டு, கோன் செட்டை, அதாவது ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கை, கொஞ்சம் டைட் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. யாராவது இந்த வேலை செய்திருக்கிறீர்களா அண்ணா?

2023 மே 13, இரவு

டைட் வைக்க வேண்டாம் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறு இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில். பிரேக் பிடிக்கும்போது வரும் ‘கடக்’ என்பது ஆட்டம். நடுவில் போய் உட்கார்வது குழி, பால்ரஸ் என்கிற எஃகுக் குண்டுகள் ஓடும் கோனின் தடத்தில் விழுந்தது. ஆட்டத்தை டைட் வைத்து எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. குழி விழுந்த கோனை இறுக்கினால் பால்ரஸ் அந்தக் குழிக்குள் இன்னும் அழுத்தமாகப் போய் உட்காரும். சத்தம் நின்றுவிடும், அதனால் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் வண்டி முன்னைவிட மோசமாக அலையும்.

நாளைக் காலையில் ஒன்று செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலின் ஒரு முனையில் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து மெல்ல இடமிருந்து வலம் கொண்டுபோங்கள். நடுவில் விரலுக்குத் தட்டுப்பட்டால் கோன் செட் போய்விட்டது, புதுசு போட வேண்டியதுதான். நல்ல கோன் செட்டில் விரலை எடுத்தாலே ஹேண்டில் தன் எடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

2023 மே 14, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ‘கடக்’ சத்தம் கழுத்திலிருந்துதான் வருகிறதா, ஃபோர்க்கிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய ஆர்எக்ஸில் ஃபோர்க் குழாயும் தேய்ந்துதான் இருக்கும். முன் சக்கரம் தூக்கியபடி இருக்க, ஒருவர் இரண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் விரலை சேசிஸ் கழுத்தும் டி ஸ்டெமும் (இரண்டு ஃபோர்க்கையும் பிடித்துக்கொண்டு கழுத்துக் குழாய்க்குள் ஏறும் தண்டு) சேரும் இடுக்கில், பாதி விரல் இதிலும் பாதி அதிலும் படுகிற மாதிரி வையுங்கள். ஆட்டம் கழுத்தில் இருந்தால் அந்த இடுக்கிலேயே அசைவு தெரியும். இடுக்கு அசையாமல் கீழே மட்டும் ஆடினால் அது ஃபோர்க்.

டயரையும் பாருங்கள். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயரும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போனதும், சக்கரம் நேர் இல்லாததும் இதே மாதிரி அலைச்சலைத் தரும். ஆனால் நடுவில் ‘டக்’ என்று உட்கார்வதை இவை எதுவும் செய்யாது.

2023 மே 14, மாலை

ஏன் சரியாக நடுவில் மட்டும் குழி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

பள்ளத்தில் விழுந்து விழுந்து பால்ரஸ் குத்திக் குழி விழுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். நம் ரோட்டில் வண்டி ஓட்டினால் அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. எஃகுக் குண்டை உலோகத்தின் மேல் அழுத்தி, விழும் தடத்தின் அகலத்தை வைத்துக் கடினத்தை அளக்கிற முறையை 1900இல் வெளியிட்டவர் ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல். அவர் பேரை வைத்துத்தான் பேரிங்கில் இப்படி அழுத்தத்தில் விழும் குழிக்கு பிரினெலிங் என்று சொல்கிறார்கள்.

ஆனால் கழட்டிய கோனைக் கையில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை தெரியும். குழியின் ஓரத்தில் செம்மண் புழுதி மாதிரி ஒரு பொடி ஒட்டியிருக்கும், அது உரசலில் வந்த துரு. சக்கரத்துப் பேரிங் முழுச் சுற்று சுற்றுகிறது, கிரீஸ் மறுபடி மறுபடி அடியில் வந்து சேரும். கழுத்துப் பேரிங் அப்படி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை நேர் ரோட்டில் போனால் ஹேண்டில் திரும்புவதே கொஞ்சம்தான். அத்தனை நேரமும் ஒவ்வொரு பால்ரஸும் நின்ற இடத்தில் நின்றே நடுங்குகிறது. நடுங்க நடுங்க அடியில் இருந்த கிரீஸ் பிதுங்கி வெளியே போகிறது, திரும்பி வருவதற்கு வழி இல்லை. அப்புறம் இரும்பும் இரும்பும் உரசுகிறது. வண்டி நேராகப் போகும்போதுதான் அதிக நேரம் ஓடுகிறது, அதனால்தான் தடமும் நேர் நிலையிலேயே விழுகிறது. இதைப் போலி பிரினெலிங் என்கிறார்கள்.

இது தெரிந்த பிறகு எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, கிரீஸ்தான் இதற்கு உயிர். இரண்டு, வாட்டர் வாஷில் கழுத்துப் பக்கம் பைப்பை நேராகப் பிடித்து அடிப்பது அந்த உயிரை எடுக்கிற வேலை.

2023 மே 16

கரூர் நண்பர், டைட் வைத்து மூன்று வருடம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்கிறார். ஆட்டம் மட்டும் இருந்து குழி இல்லாமல் இருந்திருந்தால் ஓடும், மறுக்கவில்லை. குழி இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2009, ஜூன் மாதம். என் வண்டியும் ஆர்எக்ஸ்தான். இதே கோளாறு, இதே பதில், ஒரு பட்டறையில் பத்து நிமிடத்தில் டைட் வைத்துக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பின்னால் உட்கார வைத்து வால்பாறை கிளம்பினேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. முதல் சில வளைவிலேயே கை சொல்லியது. ஹேண்டிலைத் திருப்பினால் திரும்பிய இடத்திலேயே நிற்கிறது, தானாக நேருக்கு வர மாட்டேன் என்கிறது, நேருக்கு வந்ததும் குழியில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மெதுவாகப் போகும்போது நாம் ஹேண்டிலை நிமிடத்துக்கு எத்தனையோ தடவை இம்மி இம்மியாகத் திருத்திக்கொண்டே இருக்கிறோம், அது நமக்கே தெரியாது. அந்த இம்மித் திருத்தத்தைத்தான் குழி தின்றுவிடுகிறது.

லோம்ஸ் வியூ இருக்கிற 9ஆவது வளைவைத் தாண்டி மேலே போகும்போது எதிரில் பஸ் வந்தது. முதல் கியர், ஆள் நடக்கிற வேகம். இடது பக்கம் ஒதுங்க ஹேண்டிலைக் கொஞ்சம் தட்ட வேண்டும், தட்டினேன், வரவில்லை. பலமாகத் தள்ளினேன், தேவைக்கு மேல் வந்துவிட்டது. வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. தம்பி கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. பஸ் டிரைவர் முன்னாலேயே நிறுத்திவிட்டார், அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். மழை பெய்த ரோடு, வழுக்கிவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வழுக்கவில்லை. அன்றைக்கு ஹேண்டிலைப் பிடித்திருந்த கை எனக்குத் தெரியும்.

அதனால்தான் யாராவது ‘டைட் வைத்தால் போதும்’ என்றால் எனக்குப் பேசாமல் இருக்க முடிவதில்லை.

2023 மே 18, மதியம்

விரல் வைத்துப் பார்த்தீர்கள், நடுவில் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்போது மாற்றியாக வேண்டும். வாங்க வேண்டியது:

கோன் செட் என்று கேட்டால் கொடுப்பார்கள். சேசிஸ் கழுத்துக்குள் இறுகி உட்காரும் கப் இரண்டு, டி ஸ்டெமின் அடியில் இறுகி உட்காரும் கீழ்க் கோன் ஒன்று, மேலே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் வளைய நட்டுக்கு அடியில் வரும் மேல் கோன் ஒன்று, அப்புறம் பால்ரஸ் பொட்டலம். நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் குழி கண்ணுக்குத் தெரியவில்லை, அது இருக்கட்டும், கோனை மட்டும் மாற்றுகிறேன் என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. நகத்தை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். பழைய பால்ரஸையும் புதுசையும் கலக்கவும் கூடாது. பழையது மயிரிழை தேய்ந்திருக்கும், புதுசுதான் அத்தனை பாரத்தையும் தாங்கும்.

கம்பெனி சாமானாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளிச் சாமான் வாங்கினால் கடையிலேயே கோனை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பால்ரஸ் ஓடும் தடம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். லேத்தில் கடைந்த கோடு தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பால்ரஸ் மேலே 19, கீழே 22.

2023 மே 18, இருபது நிமிடம் கழித்து

மன்னிக்கவும், மாற்றி எழுதிவிட்டேன். மேலே சின்ன பால்ரஸ், 3/16 அங்குலம், 22. கீழே பெரியது, 1/4 அங்குலம், 19. வண்டியின் பாரத்தைத் தாங்குவது கீழ்க் கோன், அதனால் அங்கே பெரிய குண்டு. பாரம் கீழே, பெரிசு கீழே என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இருந்தாலும் உங்கள் வண்டியில் கழட்டும்போது எத்தனை வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். 30 வருட வண்டி, இதற்கு முன் யார் யார் கை வைத்தார்களோ.

எண்ணிப் போட்ட பிறகு இடையில் கொஞ்சம் இடைவெளி தெரியும். இன்னொன்றை அழுத்திச் செருகலாம் போலத் தோன்றும். செருகக் கூடாது. குண்டுகள் உருள்வதற்குத்தான் அந்த இடம்.

2023 மே 21, ஞாயிறு

கழட்டும் வேலை. நிதானமாகச் செய்தால் ஒரு நாள், அவசரப்பட்டால் இரண்டு நாள்.

முதலில் பெட்ரோல் டேங்கை எடுத்துவிடுங்கள். எடுக்காமலும் செய்யலாம், ஆனால் ஹேண்டில் வந்து டேங்கில் விழுந்து பெயின்ட் போனால் அப்பாவின் வண்டி, மனசு கேட்காது. ஹேண்டில் பாரைக் கேபிள்களோடு அப்படியே கழட்டிப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது, ஒயர் எதற்கு முன்னால் எதற்குப் பின்னால் என்று நான்கைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் டூமுக்குள் இருக்கிற ஒயர் கூட்டத்தைக் கழட்டும் முன்னால் கட்டாயம் போட்டோ.

அப்புறம் முன் சக்கரம், மட்கார்டு, டூம். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து வண்டி முன்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் இரண்டையும் உருவி எடுத்தபின் உச்சியில் இருக்கும் பெரிய அறுகோணத் தலையைக் கழட்டி மேல் பிராக்கெட்டை எடுத்தால் வளைய நட் தெரியும். அதைக் கழட்ட, நட்டின் வெட்டில் மாட்டும் வளைந்த தலை உள்ள சி ஸ்பேனர் வேண்டும். உளியை வைத்துச் சுத்தியால் தட்டித்தான் நிறையப் பேர் கழட்டுகிறார்கள், அந்த நட்டின் வெட்டுக்களைப் பார்த்தாலே முன்னால் யார் தட்டினார்கள் என்று தெரிந்துவிடும். தயவுசெய்து சி ஸ்பேனர் வாங்குங்கள். கடைசியில் சரியாக வைக்கும்போது அதன் அருமை தெரியும், உளியால் தட்டி இம்மி இம்மியாகத் திருப்ப முடியாது.

வளைய நட் கடைசிச் சுற்றுக்கு வரும்போது ஒரு கையால் டி ஸ்டெமை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். அடியில் ஒரு பழைய போர்வையை விரித்து, அதன்மேல் ஒரு தட்டு. டி ஸ்டெம் இறங்கும்போது கீழ் பால்ரஸ் கொட்டும். கிரீஸ் இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும், கிரீஸ் காய்ந்திருந்தால் மழைதான். சிமெண்டுத் தரையில் ஒரு பால்ரஸ் விழுந்தால் அது போகிற இடம் யாருக்கும் தெரியாது. வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் அதன் உள்ளங்கையைப் பாருங்கள்.

2023 மே 21, இரவு

பால்ரஸ் என்றதும் நினைவு வந்தது. ஐந்தாவது ஆறாவது படிக்கும்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. ஓவராயிலுக்கு வரும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஹப்பிலும் ஹேண்டில் கழுத்திலும் இருந்து பால்ரஸை ஓர் அலுமினியத் தட்டில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றி அலசுவார் கடைக்காரர். கருப்புத் தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளிக் குண்டுகள் வெளியே வரும். தேய்ந்ததை எங்களுக்குக் கொடுத்துவிடுவார், கோலிக்குண்டு ஆட்டத்தில் அதற்குத் தனி மதிப்பு. ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று பிரிப்பார். கண்ணால் பார்க்கவே மாட்டார்.

மோட்டார் சைக்கிள் கழுத்து என்பது அந்தச் சைக்கிள் கழுத்துதான், கொஞ்சம் தடித்தது. கோன், கப், பால்ரஸ் என்ற பேரெல்லாமே சைக்கிள் கடையிலிருந்து வந்ததுதான். அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றைக்கும் இந்த வேலையில் எனக்கு உதவுகிறது: கோன் வைக்கும்போது ஸ்பேனரைக் கேட்காதே, சக்கரத்தைக் கேள்.

2023 மே 22

கப் வரவில்லை என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

மேல் கப்பைக் கழட்டக் கீழிருந்தும், கீழ்க் கப்பைக் கழட்ட மேலிருந்தும் நீளமான இரும்புக் கம்பியை விட்டுத் தட்ட வேண்டும். கம்பியின் முனை சதுரமாக, கூர் ஓரத்தோடு இருக்கட்டும். கழுத்துக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கப்பின் விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும். அங்கே கம்பியை வைத்து ஒரு தட்டு, எதிர்ப் பக்கம் ஒரு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு. ஒரே பக்கம் தட்டிக்கொண்டே போனால் கப் கோணலாகிக் கழுத்துக் குழாயைக் கீறிவிடும். கப் போனால் வேறு வாங்கலாம், கழுத்துக் குழாய் சேசிஸோடு சேர்ந்தது.

விளிம்பே தெரியவில்லை, அல்லது எவ்வளவு தட்டியும் அசையவில்லை என்றால் வெல்டிங்காரரிடம் போங்கள். கப்பின் உட்பக்கம் பால்ரஸ் ஓடும் தடத்தில் சுற்றிலும் மெல்லிசாக ஒரு வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், கப்பையும் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும், பிடி விட்டுவிடும். ஆறியதும் இரண்டு தட்டில் கையில் வந்து விழும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. டேங்க் வண்டியில் இருக்கக் கூடாது, பக்கத்திலும் இருக்கக் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழட்டியிருக்க வேண்டும், இந்த இரண்டையும் வெல்டிங்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் பாருங்கள்.

டி ஸ்டெமில் இருக்கும் கீழ்க் கோனுக்கு மெல்லிய உளியை அடியில் கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் மேலே ஏறி வரும். ஸ்டெமின் மரையில் அடி படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

2023 மே 25

பால்ரஸுக்குப் பதிலாக டேப்பர் ரோலர், அதாவது கூம்பு உருளைப் பேரிங், போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

குண்டு தொடுவது புள்ளியில், உருளை தொடுவது கோட்டில். பாரம் பரவும், குழி விழ நாளாகும், காகிதத்தில் எல்லா விதத்திலும் அதுதான் மேல். கனமான வண்டிகளில் அதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஹென்றி டிம்கென் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1898இல், குதிரை வண்டிச் சக்கரத்துக்கு, அவ்வளவு பழைய நம்பிக்கையான சாமான்.

2016இல் என் ஆர்எக்ஸுக்கும் போட்டேன். ஆறு மாதத்தில் கழட்டிவிட்டேன். நான் வாங்கிய செட் உயரம் கொஞ்சம் அதிகம், வளைய நட்டுக்கு மரை போதவில்லை, மூன்று நான்கு சுற்றுதான் பிடித்தது. கழுத்து விஷயத்தில் அது எனக்குத் தூக்கம் தரவில்லை. இன்னொன்று, உருளைப் பேரிங் குண்டைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் திரும்பும். ஆர்எக்ஸ் மாதிரி லேசான வண்டியில் அந்தக் கனம் கைக்குத் தெரிகிறது. 98 சிசி வண்டி, முன் டயர் 2.50 அகலம்தான், அந்த வண்டியின் அழகே ஹேண்டில் நினைத்த மாத்திரத்தில் திரும்புவதில்தான் இருக்கிறது. நல்ல கோனும் நல்ல கிரீஸும் போட்டால் பால்ரஸே போதும்.

புல்லட்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு வேறு கணக்கு. ஆனால் போடும் முன்னால் பழைய செட்டையும் புதுச் செட்டையும் பக்கத்தில் வைத்து உயரத்தை அளந்துவிட்டுப் போடுங்கள்.

2023 மே 28, ஞாயிறு

மாட்டும் வேலை. நேற்று போனில் பேசியதையே மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

புதுக் கப்பை இரவே பிரீசரில் வைத்துவிடுங்கள். எஃகு குளிரில் சுருங்கும், அளவில் மயிரிழைதான், ஆனால் அந்த மயிரிழை போதும். கழுத்துக் குழாயின் உட்பக்கத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பழைய துருவைச் சுரண்டி, லேசாக எண்ணெய் தடவுங்கள். கப்பை நேராக வைத்து, அதன்மேல் பழைய கப்பைக் கவிழ்த்து வைத்துத் தட்டுங்கள். சுத்தி புதுக் கப்பில் நேராகப் படவே கூடாது. பழைய கப் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் ஓரத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம். இன்னும் நல்ல வழி, கழுத்து நீளத்துக்கு மரை போட்ட கம்பி ஒன்று, இரண்டு பக்கமும் தடித்த வாஷர், நட். நட்டை இறுக்க இறுக்கக் கப் சத்தமில்லாமல் உள்ளே போகும். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

தட்டுகிறவர்கள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கப் இறங்கும்போது தட்டும் சத்தம் மந்தமாக இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் ‘டிங்’ என்று மாறும், சேசிஸே மணி மாதிரி ஒலிக்கும். அந்தச் சத்தம் சுற்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு பக்கம் மந்தமாக இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் இறங்கவில்லை.

லித்தியம் கிரீஸ், தாராளமாக. போலி பிரினெலிங் பற்றி மேலே எழுதியது ஞாபகம் இருக்கட்டும், இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. கீழ்க் கோனில் கிரீஸை மெத்தை மாதிரி அப்பி 19 குண்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டுங்கள். மேல் கப்பிலும் அப்படியே 22. டி ஸ்டெமை நேராக மேலே ஏற்றுங்கள், பக்கத்தில் இடித்தால் ஒன்றிரண்டு குண்டு நழுவிவிடும். சந்தேகம் வந்தால் இறக்கி மறுபடி எண்ணுங்கள், நான் மூன்று தடவை இறக்கியிருக்கிறேன்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. வளைய நட்டை சி ஸ்பேனரால் நன்றாக இறுக்கி, டி ஸ்டெமை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏழெட்டுத் தடவை திருப்புங்கள், கோனும் குண்டும் தங்கள் இடத்தில் உட்காரட்டும். அப்புறம் நட்டை முழுசாகத் தளர்த்திவிட்டு, மறுபடி மெல்ல இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஆட்டம் போன அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஆட்டம் போயிருக்க வேண்டும், திருப்பினால் எங்கும் பிடிக்கக் கூடாது.

2023 ஜூன் 4, கேள்வி கேட்ட தம்பி

அண்ணா, எல்லாம் மாட்டிவிட்டேன். வளைய நட் வைத்தபோது வெண்ணெய் மாதிரி திரும்பியது. மேல் பிராக்கெட் போட்டு உச்சியில் இறுக்கியதும் ஹேண்டில் கனமாகிவிட்டது. கப் சரியாக உட்காரவில்லையா? மறுபடி எல்லாம் கழட்ட வேண்டுமா?

2023 ஜூன் 4, இரவு

கழட்ட வேண்டாம். தப்பு என்னுடையது, மே 28 குறிப்பில் இதை எழுதியிருக்க வேண்டும், வளைய நட்டோடு நிறுத்திவிட்டேன்.

வளைய நட்டுக்கும் ஸ்டெம் மரைக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். உச்சியில் இறுக்கும்போது மேல் பிராக்கெட் வளைய நட்டைக் கீழே அழுத்துகிறது, அந்தத் தளர்வு போய் நட் இம்மி கீழே இறங்குகிறது. வெண்ணெய் மாதிரி இருந்தது கனமாவது அதனால்தான். உச்சியைத் தளர்த்தி, வளைய நட்டை மயிரிழை பின்னால் திருப்பி, மறுபடி உச்சியை இறுக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் மறுபடி. ஆட்டம் வந்துவிட்டால் கொஞ்சம் முன்னால். நான்கைந்து தடவை ஆகும், எனக்கும் அத்தனை தடவை ஆகிறது. ஃபோர்க், சக்கரம் எல்லாம் மாட்டி உச்சி முழுசாக இறுகிய நிலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு, அதற்கு முன்னால் இருப்பது கணக்கில்லை.

கடைசியாகப் பார்ப்பது: முன் சக்கரம் தரையைத் தொடாமல், ஹேண்டில் நேராக. ஒரு விரலால் இம்மி தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். தன் எடையில் மெதுவாகச் சாய்ந்து கடைசி வரை போக வேண்டும். இரண்டு பக்கமும். ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் போகவில்லை என்றால் கேபிளோ ஒயரோ இழுக்கிறது, கோனைக் குறை சொல்லாதீர்கள். ஆக்சிலரேட்டர் கேபிளையும் பாருங்கள், இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பினால் இன்ஜின் சத்தம் ஏறக் கூடாது.

2023 ஜூன் 5

இரண்டு பக்கமும் சாய்கிறது என்று வீடியோ அனுப்பியிருந்தீர்கள். நான்கு தடவை பார்த்தேன். வீட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள், ஹேண்டில் சாய்கிறது என்றேன்.

பழைய கீழ்க் கோனின் போட்டோவும் பார்த்தேன். சுற்றிலும் 19 குழி, எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்று, ஓரத்தில் அந்தச் செம்மண் பொடி. அதைத் தூக்கிப் போட வேண்டாம். டைட் வைத்தால் போதும் என்று அடுத்து யாராவது சொல்லும்போது அவர் விரலைப் பிடித்து அந்தக் குழிமேல் வையுங்கள்.

2023 ஜூன் 25

ஐந்நூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது, சரியாக இருக்கிறது, ஆனால் முன் பிரேக்கில் லேசாக ஒரு தட்டல் கேட்கிறது என்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான். புதுக் கப் ஓட ஓடத் தன் இடத்தில் இன்னும் கொஞ்சம் உட்காரும், ஆட்டம் வரும். உச்சியைத் தளர்த்தி வளைய நட்டை மயிரிழை இறுக்கி, உச்சியை இறுக்கி, விரல் வைத்துச் சாய்கிறதா என்று பாருங்கள். இப்போது இறுக்குவது சரி, உள்ளே குழி இல்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. வால்பாறை போவதாகச் சொன்னீர்கள், அதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். வீடியோவில் டூமின் இடது பக்கத்துப் போல்ட் ஒன்று லேசாக ஆடியது, அதையும் ஒரு கை பாருங்கள்.